மேடு ஏறாத சைக்கிள்

ஐந்தாம் வகுப்பில் உயர வரிசையில் நிற்கச் சொன்னால் முதல் ஆளாக நிற்பவளுக்கு நண்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அவளுடைய மாமா விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர்தான் வீட்டிலும் தெருவிலும் நிலைத்துவிட்டது. நண்டுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அவளுடைய கவலை வேறு.

பள்ளிக்குப் பின்னால் சிமெண்டு போட்ட நீள்வட்டப் பாதை ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் காலையில் அங்கே சைக்கிள் பயிற்சி நடக்கும். சாதாரண சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். ஃபிக்ஸட் கியர் சைக்கிள்தான் வேண்டும். அந்தச் சைக்கிளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். களைத்துப்போய்க் காலைச் சும்மா வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது, அதுவே நம் காலைப் பிடித்துச் சுற்றவைத்துவிடும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மிதிப்பதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நண்டுக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்திருந்தது. அவளும் அதே ரகம்தானே.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை பயிற்சியாளரே சைக்கிள் தருவார். அதற்குப் பிறகு சொந்தச் சைக்கிளோடு வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நண்டின் ஆறு மாதம் போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. இன்று சனிக்கிழமை.

அம்மா பேருந்து ஓட்டுநர். காலை டூட்டியை முடித்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் நண்டையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குக் கிளம்பினார். வழியிலேயே இரண்டு நிபந்தனை போட்டார்.

"பிரேக் இல்லாத எதுவும் நம்ம வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது. அப்புறம், நம்ம தெரு மேட்டை நீயேதான் ஓட்டி ஏறணும். தள்ளிவிட ஆள் கிடையாது, சொல்லிட்டேன்."

மூன்றாவது நிபந்தனையை அம்மா சொல்லவில்லை. அவர் கைப்பையில் இருந்த ஒல்லியான பண உறையே அதைச் சொல்லிவிட்டது.

அந்த மேடு லேசுப்பட்டதில்லை. தபால்காரரே பாதியில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் வருவார். மேட்டின் உச்சியில் நண்டின் வீடு, அடிவாரத்தில் சைக்கிள் கடை.

மாமா அம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி ஏறி இறங்குகிற இயந்திரத்தையே சரிசெய்கிறவனுக்கு சைக்கிள் என்ன பெரிய சமாச்சாரம் என்பது அவர் எண்ணம். கடைக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு சைக்கிளாகத் தட்டித் தட்டிப் பார்த்தார், தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி. கடைசியில் சிவப்பாகப் பளபளவென்று மின்னிய ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதான் சைக்கிள். ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்."

அதில் பிரேக்கே இல்லை என்று நண்டு சொல்ல வாய் திறப்பதற்குள் மாமா ஏறி உட்கார்ந்துவிட்டார். கடைக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்தது. நாலு மிதி மிதித்து வேகம் பிடித்தவர், ராஜா மாதிரி நிமிர்ந்து காலை நிறுத்தினார். பெடல் நிற்கவில்லை. அது அவர் முழங்காலை மேலே தூக்கியது, கீழே இழுத்தது, மறுபடி தூக்கியது. ஒரு செருப்பு பறந்துபோய், பஞ்சர் பார்க்க வைத்திருந்த தண்ணீர் வாளியில் விழுந்தது. மாமா நிறுத்த வழி தெரியாமல் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

நண்டு ஓடிப்போய் அவர் பக்கத்திலேயே ஓடினாள்.

"காலை நிறுத்தாதீங்க மாமா. மிதிச்சுக்கிட்டே இருங்க. மெதுவா, இன்னும் மெதுவா."

மாமா சொன்னபடி கேட்டார். ஒரு வழியாகப் பழைய டயர் அடுக்கில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கிவிட்டு, இந்தச் சைக்கிள் நமக்குச் சரிப்பட்டு வராது என்று தாமே கண்டுபிடித்தது போலச் சொன்னார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

மூலையில் இன்னொரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறம். அங்கங்கே பெயிண்டு உரிந்திருந்தது. ஆனால் முன்னால் நல்ல பிரேக் இருந்தது, சட்டம் நண்டின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. விலையைக் கேட்டபோது அம்மாவின் முகம் மலர்ந்தது. கொடுத்தாலும் உறையில் கொஞ்சம் மிஞ்சும்.

"மேட்டுல ஒரு தடவை ஓட்டிட்டு வா, பாப்பா," என்றார் கடைக்காரர்.

நண்டு கிளம்பினாள். சமதளத்தில் சைக்கிள் காற்றாய்ப் பறந்தது. மேடு தொடங்கியதும் கல் மாதிரி கனத்தது. எழுந்து நின்று மிதித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பாதி தூரத்தில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் அப்படியே நின்றுவிட்டது. இறங்கி உருட்டிக்கொண்டு வந்தாள். இன்னொரு முறை போனாள். மறுபடியும் அதே மின்கம்பம்.

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். "பாப்பாவுக்குக் கால்ல இன்னும் பலம் வரணும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே."

அடுத்த வருஷமா? நாளைக்குப் போகாவிட்டால் இடமே போய்விடும். நண்டு அழக்கூடாது என்று கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் அதே ரகத்தில், பிரேக்கோடு, புத்தம் புதிதாக ஒரு நீலச் சைக்கிள் நின்றது. அதைக் காட்டி, இதையும் ஓட்டிப் பார்க்கட்டுமே என்றார். நண்டு அதில் ஏறிப் போனாள். என்ன ஆச்சரியம், மின்கம்பத்தைத் தாண்டி, தபால்காரர் இறங்கும் இடத்தையும் தாண்டி, உச்சி வரைக்கும் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அம்மா விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் சைக்கிளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அம்மா மாமாவிடம் தணிந்த குரலில் பேசியது நண்டின் காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமையும் டூட்டி எடுத்தா மூணு மாசத்துல சமாளிச்சிடலாம்டா."

நண்டுக்குச் சுருக்கென்றது. அம்மா வாரம் ஆறு நாளும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறவர். ஞாயிறு ஒரு நாள்தான் முகத்தில் வெயில் விழுகிற வரைக்கும் தூங்குவார். அந்தத் தூக்கத்தை விற்று ஒரு சைக்கிளா?

"நீலம் வேண்டாம்மா. கொஞ்சம் இரு, நான் ஒண்ணு பார்க்கணும்," என்றாள்.

அவள் மனதில் ஒரு கேள்வி முளைத்திருந்தது. மேடு ஒன்றுதான். கால்களும் அதே கால்கள்தான். அப்படியானால் வித்தியாசம் சைக்கிளில் அல்லவா இருக்க வேண்டும்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, முன்னால் குந்தி உட்கார்ந்தாள். டயர் ஒரே அளவு. பெடலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணத் தொடங்கினாள். பாதியில் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோனது. மாமாவின் சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை உருவி, ஒரு பல்லில் அடையாளம் போட்டுவிட்டு மறுபடி எண்ணினாள். நாற்பத்து நாலு. நீலத்திலும் நாற்பத்து நாலு. பின்சக்கரத்தில் இருந்த சின்னப் பல்சக்கரத்துக்குப் போனாள். நீலத்தில் பதினெட்டு. சாம்பலில் பதினாலு.

"மாமா, சீட்டைப் பிடிச்சுப் பின்சக்கரத்தைத் தூக்குங்க."

மாமா தூக்கினார். நண்டு டயரில் ஒரு கோடு போட்டுவிட்டு, பெடலைக் கையால் ஒரே ஒரு சுற்று சுற்றினாள். சாம்பல் சைக்கிளின் சக்கரம் மூன்று சுற்றும் கொஞ்சமும் சுற்றியது. நீலத்தில் இரண்டரைச் சுற்றைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை செய்து பார்த்தாள். மாமா கை வலிக்கிறது என்று முனகினார், ஆனால் விடவில்லை.

"பின்னாடி பல்லு கம்மியா இருக்குதா, அதனால ஒரு மிதிக்கே சக்கரம் ரொம்ப தூரம் போகுது. மேட்டுல அவ்வளவு தூரம் தள்ளணும்னா கனமாத்தானே இருக்கும்? நீலத்துல இருக்கிற மாதிரி பதினெட்டுப் பல்லு சக்கரம் தனியாக் கிடைக்குமா, அண்ணா?"

கடைக்காரர் பஞ்சர், பெல், சீட்டு என்றால் புலி. ஆனால் இந்த ரகச் சைக்கிள் அவர் கடைக்கு வர ஆரம்பித்தே மூன்று மாதம்தான் ஆகிறது. அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"பந்தயத்துக்குப் போற பையன் ஒருத்தன் வித்துட்டுப் போனது இது. வேகமாப் போறதுக்காக அவன் மாட்டினதை நான் அப்படியே வெச்சிருக்கேன். எனக்குத் தோணவே இல்லை பாரு."

அம்மாவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. பேருந்தில் மேடு வந்தால் கியரைக் குறைப்பதுதானே அவர் வேலை. இதில் ஓடும்போது குறைக்க முடியாது, மாட்டும்போதே குறைத்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று மாமாவுக்கு விளக்கினார். மாமா அது தமக்கு முன்பே தெரியும் என்பது போலத் தலையாட்டினார்.

கடைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். உள்ளே இருந்த சின்னச் சக்கரங்களை நண்டே எண்ணிப் பார்த்து, பதினெட்டுப் பல் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவர் பழையதைக் கழற்றி அதை மாட்டினார். சங்கிலியின் நீளம் பற்றவில்லை. இரண்டு கண்ணி சேர்த்தார், சங்கிலி தொங்காமல் இழுத்து முடுக்கினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கேட்டது, உறையில் மிஞ்சவிருந்ததற்குள் அடங்கிவிட்டது.

இப்போது மேடு மட்டும்தான் பாக்கி.

நண்டு கிளம்பினாள். மேடு தொடங்கியது. பெடல் கனத்தது, ஆனால் கல் மாதிரி இல்லை. மின்கம்பம் நெருங்க நெருங்க அவள் முன்னால் குனிந்து மிதித்தாள். கீழே அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா தாமே மிதிப்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

மின்கம்பம் வந்தது. சைக்கிள் லேசாகத் தள்ளாடியது. நண்டு எழுந்து நின்று ஒரு மிதி, இன்னொரு மிதி. மின்கம்பம் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை, மிதித்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தபோது எதிரே அவள் வீட்டுக் கதவு இருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு, காலாலும் வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அம்மா கடை வாசலில் இருந்த முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் அப்போதுதான் விட்டார் போலிருக்கிறது.

"அப்போ நாளைக்கு நான் தூங்கலாம்?"

"நல்லாத் தூங்கும்மா. நான் சத்தமில்லாமக் கிளம்பிடறேன்."

மறுநாள் காலையில் நண்டு அடிமேல் அடிவைத்து நடந்து, சாம்பல் சைக்கிளைப் பூனை மாதிரி வெளியே கொண்டுவந்தாள். உள்ளே அம்மா விட்ட குறட்டை வாசல் வரைக்கும் கேட்டது. அதை ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினாள்.