துர்காவின் பங்கு

திண்டிவனத்தில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே துர்காவுக்கு மொட்டை மாடி பிடித்துப்போனது. எட்டு நடைக்காக யாரோ தரையில் வெள்ளைப் பெயிண்டால் பெரிய எட்டு ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். கோட்டின் மேல் சிமெண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அப்படித் தேய யார் எவ்வளவு நடந்திருப்பார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

நடக்காத நாளில், உடம்பு போட்டுவிடுமோ என்று அவளுக்குச் சோற்றைப் பார்த்தாலே பயம். நடந்த நாளிலும் சோறு இறங்காது. மதியம் செல்போன் கடையிலிருந்து சாப்பிட வரும் கணவன் அரிபிரசாத் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மாடியில காத்தாட சாப்ட்டுக்கினே காக்காய்க்கும் வெச்சுட்டு வர்றேங்க."

பிசைந்த தட்டோடு மேலே போய், கைப்பிடிச் சுவரில் அத்தனையும் கொட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இறங்குவாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி. ஒரு காக்காய்கூட அந்தச் சுவரில் வந்து உட்கார்ந்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு பருக்கை மிச்சம் இருக்காது.

வர வர முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படியேறினால் கண் இருட்டியது. "இப்படியே போனா இதயம் தாங்காதும்மா" என்றார் விழுப்புரத்து டாக்டரம்மா. திரும்பி வந்ததும் வராததுமாக மாடிக்குத்தான் ஓடினாள்.

விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் போயிருந்தது. கோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது.

நின்றாள்.

அது நிற்கவில்லை.

தோளை உரசிக்கொண்டு கடந்து போனது. குப்பென்று புளித்த சோற்று வாடை. நன்றாகத் தின்று உடம்பு தேறியவளின் கனத்த நடை.

விழுந்தடித்துக் கீழ் வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரம்மா விசாலாட்சி மெழுகுவத்தியோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது.

"எம் மருமவ அம்பிகா போட்ட எட்டும்மா அது. எந்நேரமும் நடந்துக்கினே கெடப்பா. சோறுன்னா வாயத் தொறக்க மாட்டா. அந்தக் கோட்டு மேலயே வுழுந்து செத்தா." குரல் தணிந்தது. "காக்காய்க்கு வெக்கிறது, நாம துன்றதுக்கு முன்னாடி தனியா எடுத்து வெக்கிற ஒரு புடி. நீ கொட்டுனது நீ கை வெச்ச தட்டும்மா. உம் பங்கையே தெனமும் அவளுக்குத் தூக்கிக் குடுத்துக்கினு இருந்தியே..."

"இனிமே குடுக்க மாட்டேங்க. நானே சாப்பிடுறேன்."

விசாலாட்சி மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று ராத்திரி துர்காவுக்கு உண்மையாகவே பசித்தது. வருஷக்கணக்கில் மறந்திருந்த பசி. உயிர் மேல் ஆசை வந்துவிட்டது அவளுக்கு. அரிபிரசாத் ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தான். அழுதுகொண்டே ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

மெல்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு வாய். நாக்கில் உப்பு தெரிவதற்குள் வாய் காலியாகிவிட்டது. பதறி அள்ளி அள்ளிப் போட்டாள். வயிறு ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது.

"மெதுவா, துர்கா!" வழித்த தட்டைப் பார்த்து அரிபிரசாத் பூரித்துப்போனான். "நீ இப்படி சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு."

"நான் ஒரு வாய்கூட முழுங்கலைங்க."

அவன் சிரிப்பு நின்றது. அவள் காதோரத்தில் யாரோ நிதானமாக மென்றுகொண்டிருந்தார்கள்.