நேர்காணல் அறையில் ஒரு காலி நாற்காலி

விடியும் முன்பே எழுந்து தோட்டத்தில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பானுப்ரியா தினமும் கல்லூரிக்குக் கிளம்புவாள். அன்று நிலக்கோட்டையில் பேருந்து ஏறியதுமே கண்கள் சொருகிக்கொண்டன. வெளியே ஐப்பசி மழை... பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா எங்கே இறங்கினார் என்பதே தெரியவில்லை.

"திண்டுக்கல் வந்துருச்சு, எறங்குங்க..."

நடத்துநரின் குரலில் திடுக்கிட்டு விழித்தாள். அவள் தலை ஒரு முன்பின் தெரியாத இளைஞனின் தோளில் இருந்தது.

"ஏங்க, தூங்குறவள எழுப்பத் தெரியாதா?"

அவன் கண்ணைக் கசக்கினான். "நானே இப்பதாங்க முழிக்கிறேன்."

சிவந்து களைத்துப்போன கண்கள். அவற்றில் கொஞ்சமும் திருட்டுத்தனம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அரசு கல்லூரியில் அவள் படிப்பது மனிதவள மேலாண்மை, மூன்றாம் ஆண்டு. அன்று வகுப்பில் மாதிரி நேர்காணல். அதை நடத்த வேடசந்தூர் மில் ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

அடக் கடவுளே... அவனேதான். பெயர் அழகுராஜாவாம்.

"கல்யாணம் ஆனா வேலைய விட்ருவீங்களா?" என்று கேட்டான்.

பானுவுக்கு அத்தனை அசதியும் கோபமாகத் திரண்டது. படிப்பு முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் நம்பியிருந்ததே அந்த மில் வேலையைத்தான். நிஜ நேர்காணல் அடுத்த மாதம்.

"இதே கேள்விய பசங்ககிட்டயும் கேட்டீங்களா சார்?"

அவன் பேனாவை மூடி வைத்தான்.

"கேக்கல," என்றான் மெல்ல.

அதன்பிறகு தினமும் அதே பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அவன் நின்றுகொண்டே வந்தான். அவளும் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. பாழாய்ப்போன மனசு மட்டும் அந்தத் தோளில் தூங்கிய தூக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தது. அப்படியொரு நிம்மதியான தூக்கம் வீட்டில்கூட வாய்த்ததில்லை.

நேர்காணலுக்கு முதல் நாள் மாலை. மழைக்காகப் பேருந்து நிலையக் கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தவளிடம் அவனே வந்தான்.

"நாளைக்கு இன்டர்வியூ எடுக்க நான் வரமாட்டேங்க. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சுக்கிட்டா? இந்த வேலைய விட்டா எனக்கு வேற வழியில்ல சார்..."

"அய்யோ, அதில்லங்க. அந்தக் கேள்வியவே எடுத்தாச்சு. இனி யாருகிட்டயும் கேக்க மாட்டோம்."

"அப்ப ஏன் வரல?"

"வேண்டியவங்க வந்தா நாம அங்க உக்காரக் கூடாது. நீங்க படிச்சதுதான?"

படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் 'வேண்டியவங்க' என்றானே?

"நான் உங்களுக்கு யாரு?"

அவன் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மேனேஜரும் அதத்தான் கேட்டாரு. எனக்கு அவங்களப் பிடிச்சிருக்கு, அவங்கள இன்னும் கேக்கலன்னு சொன்னேன்..."

பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் வழக்கம்போல் கம்பியைப் பிடித்து நின்றான். பக்கத்து இருக்கையில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆனாலும் வேலைய விடமாட்டேன்," என்றாள்.

அவன் உட்கார்ந்தான்.

"அசதியா இருக்கு... நெலக்கோட்ட வந்ததும் எழுப்பி விடுங்க."

அன்று அவன் தூங்கவில்லை.