ஏழெழுத்துப் பெட்டி

அன்று கடை வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: எங்கள் தந்தையின் அண்ணனும் கடைக்குச் சொந்தக்காரருமான என் பெரியத்தா நைனா முகமது, வண்டிக்காரர் பேச்சிமுத்து, பத்து வயதான என் தங்கை மாஜிதா, நான். கம்பவுண்டர் காசிராஜன் பிறகுதான் வந்தார். அங்கே இல்லாதவர்கள்தான் இந்தக் கதையை அதிகம் சொல்கிறார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

எங்களுடையது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை. ராஜபாளையம் பள்ளிவாசலுக்குக் கண்ணாடிச் சரவிளக்கு தருவதாகப் பெரியத்தா வாக்குக் கொடுத்திருந்தார். நோன்பு பிறக்க மூன்றே நாள் இருந்தது. விளக்கு வந்தபாடில்லை. எங்கள் குடும்பத்தின் வாக்கு அதுவரை தவறியதே இல்லை.

எங்கள் ஊருக்கு ரயில் வராத காலம் அது. சாத்தூர் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் மூன்று மரப்பெட்டிகள் வந்தன. துணிப்பெட்டி வந்தால் பலகையைச் சாய்த்து உருட்டிவிடுவது கடை வழக்கம். துணிக்கு வலிக்கவா போகிறது? இரண்டு பெட்டிகள் தடதடவென்று உருண்டன.

மூன்றாவது பெட்டியில் சிவப்பாக ஏழு இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன.

"இது என்ன முதலாளி?" என்றார் பேச்சிமுத்து.

எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது பெரியத்தாவுக்குப் பழக்கமில்லை.

"கம்பெனி பேருப்பா. இதுவும் துணிதான், உருட்டு!"

மாஜிதா வண்டியில் தாவி ஏறிப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாப்பா, நீயும் சேர்ந்து உருளப் போறியா?" என்றார் பேச்சிமுத்து.

"செத்த நேரம் பொறுங்கண்ணே."

அவள் பெரியத்தாவை அருகே அழைத்துக் காதில் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பெரியத்தா, காசிராஜன் மாமாவோட மருந்துப் பெட்டியிலயும் இதே ஏழெழுத்து இருக்கு. உள்ளே அம்புட்டும் சீசா. அவிய அதைத் தொடக்கூட விடமாட்டாக."

பெரியத்தா தாடியைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "ஏலே, கம்பவுண்டரைக் கூட்டிட்டு வா. எழுத்து சரியா இருக்கான்னு அவரும் ஒரு தடவை பாக்கட்டும்."

காசிராஜன் வந்து படித்தார். "ஃபிராஜைல். லேசுல உடையும்னு அர்த்தம். லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல 'உடை'ங்கிற சொல்லுலேருந்து வந்தது. கண்ணாடிக்கும் சொல்லலாம், காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச உடம்புக்கும் சொல்லலாம்."

பேச்சிமுத்து சூடுபட்டவர்போலக் கையை எடுத்தார்.

நான்கு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கி இறக்கினோம். திறந்தால், வைக்கோலுக்குள் சரவிளக்கு! பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்களும் முழுசாக இருந்தன.

மறுநாள் காலை ராஜபாளையத்துக்குப் புறப்பட்டோம். ஒவ்வொரு பள்ளத்திலும் பேச்சிமுத்து கீழே குதித்து, "மெதுவாப் போங்கப்பா, பிராஜைலு!" என்று மாடுகளைக் கெஞ்சினார்.

"ஏட்டி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரியே சொல்லியிருக்கலாமே?" என்று மாஜிதாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெரியத்தாவை அவள் பார்த்தாள்.

"பெரியத்தாவோட மானமும் ஃபிராஜைல்தாண்ணே. அதை எதுக்கு உருட்டணும்?"

மாஜிதாவுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு என்று ராஜபாளையத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்.