வானம்பார்த்தான்

பெசமினோ சித்தப்பா மூன்று நாட்களாக உட்காரவே இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது மொயேதான். அதுவே பெரிய அதிசயம். ஏனென்றால் பத்து வயது மொயே எதையும் கவனிக்கமாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சேப்பங்கிழங்கைத் தோல் சீவச் சொன்னால் பாதிக் கிழங்கோடு கை நின்றுவிடும், கண் மேகத்துக்குப் போய்விடும். அவளுடைய முழுப்பெயர் மொயெலாங்கி. வானத்தில் உறங்குகிறவள் என்று அர்த்தம்.

"பேரை வெச்சவங்கள சொல்லணும்" என்று புவாத்தினோ அத்தை அடிக்கடி அலுத்துக்கொள்வாள். "கடல் பொங்கி வீட்டுக்குள்ள வந்தாலும் இவ மேலதான் பாத்துட்டு இருப்பா!"

ஆனால் சித்தப்பா நின்றுகொண்டே இருந்தது மொயேயின் கண்ணில் பட்டுவிட்டது. அந்தத் தீவில் எல்லா வீடுகளையும் போல அவர்கள் வீட்டுக்கும் சுவர் கிடையாது. வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, கீழே பாய், அவ்வளவுதான். பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கும்போது அங்கே யாரும் நிமிர்ந்து நிற்கமாட்டார்கள். எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், காலை நீட்டக் கூடாது. அதனால் சித்தப்பா வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. "பன்னி வேலி சாஞ்சு கிடக்கு, பாத்துட்டு வரேன்" என்பார். சோற்றுக்குக் கூப்பிட்டால் ஈரப்பலா மரத்தில் சாய்ந்தபடி நின்றுகொண்டே சாப்பிடுவார்.

இதில்தான் பெரிய சிக்கல். வரும் சனிக்கிழமை பெசமினோ சித்தப்பா மாத்தாய் ஆகப்போகிறார். குடும்பத்துக்கே தலைவர்! அன்று காலையிலிருந்து தனக்குரிய தூணின் அருகே அவர் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேச்சு முடியும்போதுதான் முடியும். நடுவில் காலை நீட்டினாலோ எழுந்து போனாலோ ஊர் முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் மொயே சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனாள். அங்கே கிழிந்த பாயில் சித்தப்பா கரையில் ஒதுங்கிய ஆமை மாதிரி குப்புறப் படுத்திருந்தார். கையில் நீளமான எலுமிச்சை முள் ஒன்று இருந்தது.

"என்ன சித்தப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய் மேகத்தைப் பாரு, போ."

மொயே போகவில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் பின்பக்கத்தில், சிவந்து வீங்கி ஒரு கட்டி இருந்தது.

"ஐயோ, வானம்பார்த்தான்!"

அவர்கள் ஊரில் கட்டிக்கு அதுதான் பெயர். பழுக்கும்போது அது முகத்தை நிமிர்த்தி மேலே பார்க்குமாம். அத்தை கோபம் வந்தால் மொயேயையும் அதே பெயரால்தான் கூப்பிடுவாள்.

"கத்தாதடி!" என்றார் சித்தப்பா. "சனிக்கிழமைக்குள்ள இவன ஒழிக்கணும். ஒரே குத்து, தீந்துது."

"முள்ளால குத்தினா பெரிசாகிடுமே? அத்தைகிட்ட சொல்லலாமா?"

"என்ன பேச்சு பேசற! அக்கா முன்னாடி போய் தொடைல கட்டின்னு சொல்றதா? உயிரே போனாலும் சொல்லமாட்டேன்."

அது மொயேக்கும் தெரியும். அங்கே கூடப்பிறந்தவள் முன்னால் ஓர் ஆண் அப்படியெல்லாம் பேசமாட்டான். அவ்வளவு மரியாதை. அவள் மெதுவாக அவர் கையிலிருந்த முள்ளை உருவிக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனா நான் வர்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க."

ஒரே ஓட்டமாக ஊர் மருத்துவமனைக்கு ஓடினாள். நர்ஸ் ரூத்தா கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பன்னிக்கு கட்டி வந்திருக்கு. என்ன பண்ணணும்?"

"பன்னிக்கா? எந்த இடத்துல?"

"தொடைல. அதால சம்மணம் போட்டு உக்கார முடியல."

ரூத்தா மடிப்பதை நிறுத்தினாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"பாவம், அந்தப் பன்னி! நல்லா கேட்டுக்கோ. சுத்தமான துணிய வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு கட்டி மேல வை. உன் மணிக்கட்டுல வெச்சுப் பாத்து சூடு தாங்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா வை. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. அமுக்கவோ குத்தவோ கூடாது. அதுவா உடையட்டும். உடைஞ்சதும் கழுவி, சுத்தமான துணியால மூடு. முன்னாலயும் பின்னாலயும் சோப்பு போட்டுக் கை கழுவு. அந்தத் துணிய வேற யாரும் தொடக்கூடாது, கொதிக்கிற தண்ணில போட்டு அலசு."

"சரிக்கா."

"காய்ச்சல் வந்தாலோ சிவப்பு பரவினாலோ வலி கூடினாலோ, பன்னிய உடனே இங்க நடத்திக் கூட்டிட்டு வா."

மொயே தலையாட்டினாள். பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? வீட்டில் கடிகாரம் ஓடி ஒரு வருடமாகிறது. மருத்துவமனைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். குட்டி மேகம் ஒன்று உயரமான தென்னையின் உச்சியிலிருந்து கிளம்பியது. அது நகர்ந்து நகர்ந்து தேவாலயத்துக் கோபுரத்தைத் தொட்டபோது பெரிய முள் சரியாகப் பத்து நிமிடம் கடந்திருந்தது.

"நன்றிக்கா!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. கொட்டகையில் கெண்டி கொதிக்கும். மொயே பழைய பள்ளிக்கூடச் சட்டையைக் கிழித்து நனைத்து, தன் மணிக்கட்டில் சூடு பார்த்து, கட்டியின் மேல் வைப்பாள்.

"ஆ! இன்னும் எவ்வளவு நேரம்?"

"மேகம் இப்பத்தான் தென்னை மரத்துல இருக்கு சித்தப்பா."

"எந்த மேகம்?"

"அதோ, வால் இல்லாத நாய் மாதிரி ஒண்ணு."

சித்தப்பா கன்னத்தைப் பாயில் வைத்தபடி பார்த்தார். நாய் மெல்ல மெல்லப் படகாகியது. படகு உடைந்து இரண்டு மீன்களாகியது. அலைகள் பவளப்பாறையில் மோதும் சத்தம் தூரத்தில் தூக்கம் வரவழைப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. வெந்நீரின் ஆவி மேலே ஏறி வானத்தோடு கலந்துவிட்டதாக மொயே நினைத்தாள். இங்கிருந்து போகிற ஆவிதான் நாளைக்கு மேகமாகி வருமோ? அப்படியானால் நாளைய மேகத்தில் கொஞ்சம் சட்டைத்துணி வாசம் அடிக்குமே!

"கோபுரம் வந்துடுச்சு" என்றாள். சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மழை. வானம் முழுக்க ஒரே மேகம், அது எங்கேயும் நகரவில்லை. பாயைக் கொட்டகையின் தாழ்வாரத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, மொயே கூரையிலிருந்து சொட்டும் துளிகளை அறுநூறு வரை எண்ணினாள். கட்டி இன்னும் பெரிதாக, மினுமினுப்பாகத் தெரிந்தது.

"முள்ளைக் குடுடி" என்றார் சித்தப்பா. அவர் குரலில் அழுகை இருந்தது. "இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. என்னால நம்ம குடும்பத்துக்கு அவமானம் வரப்போகுது."

மொயேக்கும் பயமாகத்தான் இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. சுற்றியிருந்த சிவப்பும் பரவவில்லை.

"தரமாட்டேன். அவன் நிமிந்து பாக்க ஆரம்பிச்சிட்டான், சித்தப்பா. பாதில எழுப்பக்கூடாது."

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மொயே! கெண்டி எங்கடி? பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கு!"

மொயே மழையில் ஓடினாள்.

"மூணு நாளா உன்னை ஒரு வேலைக்கும் காணோம். சனிக்கிழமை ஊரே வருது, நீ வானத்தைப் பாத்துட்டு எங்கயோ உக்காந்திருக்க! சோம்பேறி! வானம்பார்த்தான்!"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், திட்டு நின்றுவிடும். மொயே சொல்லவில்லை. கண்ணில் முட்டிய தண்ணீரை மழைத்தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு பாத்திரங்களை எடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டபடி படுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் முள்ளைக் கேட்கவே இல்லை.

வியாழக்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மூன்றாவது தடவை துணி வைத்தபோது சித்தப்பா வழக்கம்போல் தூங்கிவிட்டார். மேகம் கோபுரத்தைத் தொட்டதும் மொயே துணியை எடுத்தாள். கட்டி தானாகவே உடைந்திருந்தது.

மொயே கத்தவில்லை. மெதுவாகக் கழுவினாள், சுத்தமான துணி வைத்துக் கட்டினாள், சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சித்தப்பா கண் விழித்தார். "கனவுல யாரோ என் தொடையிலேர்ந்து ஒரு பாறாங்கல்லை எடுத்துட்டாங்க" என்றார்.

"அவன் வானத்தைப் பாத்துட்டான், சித்தப்பா."

சனிக்கிழமை வந்தது. தூண்களின் அருகே ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். சித்தப்பா உடம்பில் எண்ணெய் பளபளக்க, சடங்குக்கென்றே துணிபோல மெல்லிசாகப் பின்னிய புதுப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். தூணருகே நின்றார். அவர் மெல்ல மடங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதல் பெரியவர் பேசினார், இரண்டாமவர் பேசினார், மூன்றாமவர் தன் பேச்சைச் சுருக்கமாக முடிப்பதாகச் சொல்லி மிக நீளமாகப் பேசினார். புண் முழுதாக ஆறவில்லை. சித்தப்பாவின் நெற்றி வியர்த்தது, ஒரு கால் லேசாகத் துடித்தது.

வெளியே பிள்ளைகளோடு இருந்த மொயேயை அவர் கண் தேடியது. மொயே முகவாயை மட்டும் மேலே தூக்கிக் காட்டினாள்.

தூண்களுக்கு நடுவே தென்னையின் உச்சியிலிருந்து ஒரு மேகம் கிளம்பிக்கொண்டிருந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார். அது கோபுரத்தைத் தொட்டதும் அடுத்த மேகத்தைப் பிடித்தார். துடித்த கால் அடங்கியது. இப்படியே பதினொரு மேகங்கள் போயின.

"பாருங்க, என்ன அமைதி!" என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் மெச்சினார். "இப்பவே தொலைநோக்கா யோசிக்கிறார்."

விருந்தின்போது நர்ஸ் ரூத்தா மொயேயின் காதருகே குனிந்தாள். "பன்னி எப்படி இருக்கு?"

"நல்லா உக்காருதுக்கா" என்றாள் மொயே. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மொயேயின் கண் மேலே போய்விட்டது. கையில் பாதி அடுக்கிய தட்டுகள் அப்படியே நின்றன.

"மொயே!" அத்தை வந்துவிட்டாள். "இன்னிக்குமா? அடியே வானம்பார்த்தான்..."

"அக்கா." புது மாத்தாயின் குரல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "அவள விடுங்க. நம்ம வீட்ல ஒருத்தர் வானத்தைப் பாத்துட்டே இருக்கணும். தலைவரா நான் சொல்ற முதல் வார்த்தை இதுதான்."

தலைவரின் வார்த்தைக்கு மறுவார்த்தை ஏது? அத்தை மொயேயின் கையிலிருந்த தட்டுகளைத் தானே வாங்கிக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தாள். பாதி வழியில், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.