ஒரு சாண் இடுக்கு

இறுகிவிட்ட ஃபோம் மறுபடி வளராது என்று பிரேம்குமார் சொல்லியிருந்தான். ஆனால் வக்கார் அகமது நேற்றுச் சீவிவிட்ட இடத்தில், புது அறையின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில், இன்று மறுபடியும் வெண்ணெய் நிறத்தில் ஒரு புடைப்பு.

ஆம்பூரில் அவருடைய பழைய வீட்டு மாடியை ஒட்டி எழுப்பிய அறை அது. பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. மகள் மெஹக் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வெயில் உள்ளே இறங்காதிருக்க அந்த இடுக்கில் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கத்தான் பிரேம்குமாரை வரவழைத்தார். குழாயை நீட்டியவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

"பாய், உள்ள பூனைக்குட்டிங்க கத்துது. தாயும் இப்பதான் உள்ள போச்சு. ஒரு நாள் வுட்டா அதுவே தூக்கினு போய்டும்."

"இன்னாப்பா பேஜாரு! பூனைக்கு நீ சித்தப்பாவா? குடு இப்டி."

குழாயைப் பிடுங்கி அவரே அழுத்தினார். நுரை பொங்கிப் பொங்கி இடுக்கை நிறைத்தது. கத்தல் மெலிந்து நின்றது.

"பூனை குட்டிங்களோட போய்டுச்சு" என்று மனைவி ஜஹீருன்னிசாவிடம் சொன்னார். அவள் நிம்மதியாக அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அந்தச் சொல் அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

இன்று ஜும்மா தொழுகை முடிந்து வந்தபோது வீட்டில் யாருமில்லை. மகளை அழைத்துவர ஜஹீருன்னிசா ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். அவர்கள் வருவதற்குள் புடைப்பைச் சீவிவிடலாமென்று தோல் பதனிடும் டேனரியில் பிடித்துப் பழகிய கத்தியோடு மாடியேறினார். தூள் வெளியே பறக்காமலிருக்கக் கதவைச் சாத்தியதும் தெருவின் ஆட்டோ இரைச்சலும் காக்கைக் குரலும் அறுந்துபோய், சொந்த மூச்சே காதுக்குள் இரைய, புதுப் பெயிண்ட் வாடைக்கு அடியிலிருந்து சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் பச்சைத் தோலின் வாடை மெல்லக் கிளம்பி அறையை நிறைத்தது.

புடைப்பு இப்போது தேங்காய் அளவு. கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. முப்பது வருடப் பழக்கத்தில், வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தோலைத் தரம் பிரிக்கும் விரல் அது. ஒருநாளும் தவறியதில்லை.

மயிர்க்கால்கள். இளந்தோல்.

சூடாக இருந்தது.

கத்தியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார். நிலையைச் சுற்றி நுரை பிதுங்கிக் கைப்பிடியை விழுங்கியிருந்தது. ஜன்னலிலும் நுரை. கண்ணாடியில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். அதன் வழியே பார்த்தார். கீழே ஆட்டோவிலிருந்து மெஹக் இறங்கினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"மெஹக்! உள்ள வராதம்மா! வராத!"

அவளுக்குக் கேட்கவில்லை. மிச்சக் கண்ணாடியையும் நுரை மூடியது.

"உடைச்சி எடுத்துர்றேன்" என்று சுவரிடம் கெஞ்சினார். "நானே எடுத்துர்றேன். அவ புள்ளத்தாச்சி..."

கதவை ஓங்கி அடித்தார். கை நுரைக்குள் போனது. மணிக்கட்டு வரை. நுரை இறுகியது.

உள்ளே சின்னச் சின்ன நாக்குகள். சொரசொரவென்று. விரல் நுனியிலிருந்து தோலை உரிக்கத் தொடங்கின. அவசரமில்லாமல்.

அவற்றின் பக்கத்தில் ஒரு பெரிய உடம்பு சுருண்டு படுத்து, குட்டிகள் பசியாறும் நிம்மதியில், அவர் எலும்பெல்லாம் அதிரக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.