பன்னிரண்டு நாள் மாத்திரை

மத்தியானம் மூன்று மணிக்கு நெம்மேலியில் கரண்டு போனது. மின்விசிறி நின்றதும் வீட்டில் ஏதோ குறைகிறதே என்று பாப்பாவுக்குப் பட்டது. வெயிலுக்குச் சன்னலில் தொங்கவிட்ட ஈரப் புடவையின் வாடை வந்தது, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது, கட்டிலில் புருஷன் ஏசுதாஸ் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. டிக் டிக் மட்டும் கேட்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் அவனுடைய இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வீங்கி வெடிக்க இருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டுக் குழாயும் உலோக வால்வும் வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வால்வுச் சத்தம் கேட்காமல் அவள் தூங்கியதில்லை. சர்ச்சில் மௌன ஜெபம் என்றால் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

இரண்டு வாரத்துக்கு முன், குழாயோடு சேர்த்துத் தைத்த இதய ரத்தநாளம் அடைத்துக்கொண்டது. தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்காக நிறுத்திய, வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் போடும் மாத்திரையை மறுநாளே ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. ரத்தத்தை இளக்கினால் பொத்துக்கொண்டு கொட்டிவிடுமே! பயந்துபோய், அந்த மாத்திரைக்குப் பதில் அதன் நிறத்திலேயே இருந்த சத்து மாத்திரையைக் கொடுத்து வந்தாள். பாழாய்ப்போன புத்தி. இன்றோடு பன்னிரண்டு நாள். அவனிடம் மூச்சு விடவில்லை.

மெல்லக் கிட்டப் போனாள்.

"இன்னா பாப்பா, அப்டி பாத்துக்கினு கீற?"

"ஒண்ணுமில்ல. மாரு வலிக்குதா?"

"இல்ல. காலுதான் ஜில்லுனு கீது."

தொட்டாள். ஐஸ்.

சட்டையை விலக்கி, தழும்பின் மேல் காதை வைத்தாள். கணீரென்று கேட்க வேண்டியது, சேற்றில் கால் அமுங்குவதுபோல் ஒரு தரம் கேட்டது. அப்புறம் இன்னொரு தரம்.

108-க்குப் போட்டாள். வண்டி கிளம்பிவிட்டதாம். மறுபடி காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

எண்ணினாள். பத்து. முப்பது. அறுபது. மூச்சும் இல்லை.

"இயேசுவே..."

அவள் தலைமேல் அவன் கை விழுந்தது. விறைத்த விரல்கள் முடிக்குள் நுழைந்து, தலையை நெஞ்சோடு அழுத்தின.

"பாப்பா." குரல் கேட்டது. நெஞ்சு அதிரவில்லை. "இத்தினி நாளா எனக்கு இன்னா மாத்திர குடுத்த?"

கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். அவன் வாய் திறந்தபடி கிடந்தது. இமைக்காத கண்ணின் மேல் ஈ ஒன்று நடந்தது. விரல்கள் இறுகின. இன்னும் இறுகின.