ஆளில்லாத வீட்டின் தொட்டி

இருநூற்றுப் பதினாலாம் எண் வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கழிவுத் தொட்டி நிரம்பினால்தான் அந்த விளக்கு எரியும். அந்த வீட்டுக் கதவில் பலகை அடித்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. தண்ணீர் லாரி அங்கே நிற்பதில்லை.

எனூக்கி கழிவு லாரியை நிறுத்தி, ரேடியோவை எடுத்தான்.

"லீட்டியாக்கா, இருநூத்திப் பதினாலுல விளக்கு எரியுது."

"எரிஞ்சா உறிஞ்சுடா. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"அங்கதான் யாருமே இல்லையே."

"குளிர்ல ஒயர் கோளாறா இருக்கும். குழாயை மாட்டிப் பாரு, காத்து வந்தா கழட்டிட்டு வா. பயமா இருந்தா சொல்லு, நான் வந்து உன் கையைப் பிடிச்சுக்கறேன். கையைக் கழுவிட்டு மட்டும் நில்லு."

அவள் உட்கார்ந்து வேலை ஏவும் லாரிக் கொட்டகையில் யாரோ சிரிப்பது ரேடியோவில் கேட்டது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "புள்ள எப்படி இருக்கு?"

"அப்படியேதான். காத்து அடங்கினாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற விமானம் இறங்குமாம்."

மதியம் ஒரு மணி. வடதுருவத்தை ஒட்டிய இந்த ஊரில் நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். அதுவரை மதியமும் இருட்டுதான். எனூக்கி இறங்கினான். மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது. எட்டு வருடமாக ஊராரின் மலத்தை உறிஞ்சுகிறவன் அவன். யார் வீட்டில் கடல்நாய் தின்றார்கள், யாருக்கு வயிறு சரியில்லை என்பதை மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவான். எதற்கும் அருவருப்புப்படாத ஆள் என்று ஊரில் பேச்சு. அது உண்மையில்லை. அக்டோபரிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

வீட்டில் ஒருத்திக்கு இறங்கியும் உடம்பில் ஒட்டவில்லை. பிறந்து ஐந்து வாரமான மகள் உலாயுக் தாயின் மார்பை விடுவதே இல்லை. இரவும் பகலும் குடித்தாள். ஆனாலும் முழங்கை குச்சியாகிக்கொண்டே போனது. நான்கு நாளாக டயப்பர் நனையவில்லை. மருத்துவமனைத் தாதி எடை பார்த்து, பார்த்த எடையை நம்பாமல் இன்னொரு முறை பார்த்து, "குடிக்கறதெல்லாம் எங்க போகுது?" என்று அவனைக் கேட்டாள். அவனுக்கா தெரியும்?

தடித்த குழாயைத் தோளில் இழுத்துப்போய், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த தொட்டி வாயில் மாட்டித் திருகி, பம்பை ஓடவிட்டான். சூடில்லாத வீட்டின் தொட்டி கல்லாக உறைந்திருக்க வேண்டும். குழாய் ஒருமுறை துள்ளியது. பிறகு கனத்தது. பிறகு, மைனஸ் முப்பத்தெட்டில் மரக்கட்டை போல விறைத்திருந்த ரப்பர், கையுறைக்கு அடியில் மெல்ல இளகி, வெதுவெதுப்பாகி, ஒரு பிராணியின் குடல் போல நெளிந்தது.

விளக்கு அணைந்தது. அவன் குழாயைக் கழற்றினான். மிச்சம் அவன் கையுறைமேல் கொட்டியது.

வெள்ளை.

திரிதிரியாகத் திரிந்த, கொழகொழத்த வெள்ளை. ஆவி பறந்தது. குனிந்து முகர்ந்தான், தொழில் பழக்கம். புளித்த பால். கடைப் பால் இல்லை. தூங்கி எழுந்ததும் உலாயுக்கின் கழுத்து மடிப்பில் வீசும் அதே பால். அதற்கடியில் இன்னொரு வாடை, இனிப்பாக, தொண்டையில் மெழுகாகப் படியும் வாடை. அதுவும் அவனுக்குத் தெரியும். பனியில் வாந்தி எடுத்தான்.

இது கவுத்தாக்கின் வீடு. ஆறு வருடம் இதே லாரியில் முறைமாற்றி ஓட்டியவர். குடி, இருமல், தனிக்கட்டை. சாவதற்கு ஒரு மாதம் முன்னால் லாரிக்குள் உட்கார்ந்து உலர்ந்த மீனைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "உனக்குப் பொறக்கறதுக்கு என் பேரை வைடா. திரும்பி வந்தா உன் வீட்டுக்கே வர்றேன். உன் பொண்டாட்டி சமையல் நல்லாருக்கு." எனூக்கி சிரித்தான். "சரிண்ணே" என்றான். இந்த ஊரில் அது சிரித்துவிட்டுப் போகிற காரியமில்லை. செத்தவரின் பேர் ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பேரோடுதான் ஆளும் வருவார். பேர் கேட்டவருக்குக் கொடுக்காமல் விடுவதில்லை.

ஆனால் அவரைக் கண்டெடுத்தவன் எனூக்கி. செத்து ஒன்பது நாள், ஹீட்டர் முழுச் சூட்டில். சோபாவிலிருந்து அவரைத் தூக்க முடியவில்லை, வழிக்கத்தான் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து மகள் பிறந்தாள். ஈரமான, சிவந்த, சுத்தமான உடம்பு. யாராவது பேர் கேட்டார்களா என்று மனைவி மியாலியா விசாரித்தாள். இல்லை என்றான். அவள் தன் சித்தியின் பேரை வைத்தாள்.

எனூக்கி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

சுவருக்குள் சத்தம். மெதுவாக, சீராக. ஒரு முழுங்கல், ஒரு மூச்சு. ஒரு முழுங்கல், ஒரு மூச்சு. ஐந்து வாரமாக அந்தச் சத்தத்தின் பக்கத்தில்தான் அவன் படுக்கிறான்.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

அவன் வீட்டுக்கு ஓடினான்.

மியாலியா சமையலறையில் அட்டை விரித்து, குந்தி உட்கார்ந்து உறைந்த மான்கறியைச் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சட்டைக்குள் குழந்தை. "பூட்ஸோட உள்ள வராத! நாத்தம் தாங்கல. என்ன, முகம் இப்படி இருக்கு?"

"கவுத்தாக்கண்ணன் பேர் கேட்டாரு."

"என்ன?"

"நம்ம புள்ளைக்கு. நான் சரின்னு சொன்னேன்."

கத்தி நின்றது. "நான் கேட்டேன்ல? வாயைத் திறந்து கேட்டேன்ல?"

"அவரு கிடந்ததை நீ பாக்கல. அதைப் போய் நம்ம புள்ள மேல எப்படி..."

"செத்தா எல்லாரும்தான் நாறுவாங்க. நீ நாறமாட்டியா? பேர் நாறுமாய்யா?" அவள் குரல் உடைந்தது. "அவர் வெளிய நிக்கறாரு, இவ இங்க காயறா. சொல்லு. இப்பவே இவ காதுல பேரைச் சொல்லு. ரெண்டு பேர் இருந்தா ஒண்ணும் குறைஞ்சு போகாது. வாக்குக் கொடுத்தவன் நீ, உன் வாயாலதான் சொல்லணும்."

அவன் மண்டியிட்டான். சுண்டைக்காய் அளவு காது. அதனருகே வாயை வைத்தான். குமட்டியது. விழுங்கிக்கொண்டான்.

"கவுத்தாக்."

குழந்தை மார்பை விட்டது. ஐந்து வாரத்தில் முதல் தடவை. அவனைப் பார்த்தது. நிதானமாக, அடையாளம் கண்டுகொண்டதுபோல.

"நனைஞ்சிருச்சு!" மியாலியா டயப்பருக்குள் கைவிட்டுப் பார்த்து அழுதாள், சிரித்தாள். "சூடா போயிருக்கா பாரு! வாங்கண்ணே, வாங்க. இவ்ளோ நாள் குளிர்ல நிக்க வெச்சுட்டோம். இந்தாங்க, குடிங்க." அவள் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மறுபடி மார்பில் சேர்த்துக்கொண்டாள்.

 எனூக்கி தரையிலேயே உட்கார்ந்தான். பிழைத்தது. பிழைத்துவிட்டது.

குழந்தையின் கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. நல்லதுதான். வயிறும் உப்பியது. கொஞ்சம் அதிகமாக. தோல் பளபளத்தது.

அந்த இனிப்பு வாடை வந்தது. அட்டையிலிருந்து அல்ல. அவன் உடுப்பிலிருந்து அல்ல.

குழந்தையின் கை தாயின் மார்பில் பதிந்திருந்தது. பிடியை மாற்ற அது கையை மேலே நகர்த்தியது. தோல் நகரவில்லை. ஐந்து விரல், ஐந்து நகம், மெல்லிய வெள்ளைக் கையுறையாக மார்பிலேயே ஒட்டிக் கிடந்தது. அதிலிருந்து உருவி வந்தது பச்சையும் கறுப்புமாக, ஈரமாக, பிசுபிசுத்து, அவள் தோளைப் பற்றியது.

"மெதுவாண்ணே," என்றாள் மியாலியா, கண்ணைத் திறக்காமல், அதன் தலையைத் தடவியபடி. தடவிய இடத்தில் முடி அவள் விரலோடு வந்தது. "மெதுவா. எங்கயும் போகமாட்டேன்."

அது குடித்துக்கொண்டிருந்தது.